நான் காட்டிக்கொடுக்காத காசிம் பாய்

ரகசியம் தங்காத வாய் உள்ளவனைப் பஞ்சாயத்து போர்டில் வேலைக்கு வைக்கக் கூடாது. என்னை வைத்தார்கள். வெள்ளைக்காரன் ஆட்சியில் நடந்த எத்தனையோ தப்புகளில் இதுவும் ஒன்று. இதை எதிர்த்து மட்டும் யாரும் ஊர்வலம் போகவில்லை.

ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே ஓர் ஊர். பெயர் வேண்டாம், எனக்கு அங்கே இன்னும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். ஆவடிப் பக்கம் பட்டாளம் வந்து இறங்கியதிலிருந்து முட்டைக்கு அப்படி ஒரு மவுசு. கோவில்பதாகையிலிருந்து ஒரு ஆள் சைக்கிளில் கூடை கட்டிக்கொண்டு வந்து, கோழி இட்ட சூடு ஆறுவதற்குள் வாங்கிப் போய்விடுவான். விளைவு, வீட்டுக்கு வீடு கோழி. கடைத்தெருவில் உலர்த்திய தானியத்தையெல்லாம் அவை மேய்ந்தன. கடைக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். போர்டு ஒரு விதி போட்டது: கடைத்தெருவை ஒட்டிய தெருக்களில் லைசென்ஸ் இல்லாமல் கோழி வளர்க்கக் கூடாது. மீறினால் கோழி பறிமுதல்.

அந்த நோட்டீசைத் தமிழில் எழுதியவன் அடியேன்தான். “யாதொருவரும்” என்று தொடங்கி, “மேற்படி கோழியானது” என்று நான் வளர்த்துக்கொண்டே போனதைத் தண்டோரா போடுகிறவர் பாதி வாசித்தார். மூச்சு வாங்கியது. “அதாவது, யாரும் கோயி வச்சிக்கக் கூடாதாம்” என்று முடித்துக்கொண்டு போய்விட்டார்.

என் புழக்கடையிலேயே ஆறு கோழிகள் இருந்தன. லைசென்ஸ் கேட்கப் பயம். போர்டு பிரசிடென்ட் கோழி என்ற சொல்லைக் கேட்டாலே மூக்கைப் பொத்துகிறவர் (கூட்டத்தில்). எனக்கோ வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. சோதனை போட வரும் சானிடரி இன்ஸ்பெக்டர் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை எழுதினால் வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் மாமனாரின் கழனியில் ஏர் பிடிக்க வேண்டியதுதான். ராஜம்மாளை எனக்குக் கட்டிக் கொடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. போர்டு உத்தியோகம் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் கொடுத்தார்கள். என் முகத்துக்காக இல்லை.

சோதனை எந்த நாள் என்பது பரம ரகசியம். அதை நான் காசிம் பாயிடம் மட்டும் சொன்னேன். பாய் எங்கள் பக்கத்து வீடு. பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர், எனக்குப் பத்து வயது மூத்தவர், எனக்கு விஷக்காய்ச்சல் வந்தபோது வைத்தியரை இழுத்துக்கொண்டு வந்தவர். அப்புறம் எதிர்வீட்டு முனியம்மாவிடம் மட்டும் சொன்னேன். அப்புறம் தெருவில் இன்னும் ஏழெட்டுப் பேரிடம் மட்டும் சொன்னேன். எல்லாரிடமும் குரலைத் தாழ்த்தி ஒரு வால் சேர்த்தேன்: “எல்லார் ஊட்லயும் பூந்து பாப்பாங்க. என் ஊட்டை மட்டும் பாக்க மாட்டாங்க. ஆபீஸ் ஆளு ஊடு இல்ல?” (அப்படி எந்தச் சலுகையும் கிடையாது. பேச்சு ஜோராக வந்தது, விட்டுவிட்டேன்.)

நான் விட்ட புளுகை நானே நம்பவில்லை. ஆகவே சோதனை நாளன்று விடிந்ததும் என் ஆறு கோழிகளையும் கூடையில் போட்டுப் பாயிடம் ஒப்படைத்தேன்.

“எங்கனா பத்திரமான எடத்துல வச்சிடுங்க பாய்.”

“நீ போ தம்பி. பத்திரமான எடம் ஒண்ணு எனக்குத் தெரியும்” என்றார்.

எந்த இடம் என்று கேட்டிருக்கலாம். கேட்காமல் இன்ஸ்பெக்டரை அழைத்துவரக் கரி பஸ் நிற்குமிடத்துக்குப் போனேன். கரிப்புகையில் ஓடும் அந்த பஸ் இரண்டு மணி நேரம் தாமதம். அதற்குள் என் வீட்டில் என்ன நடந்தது என்பதை ராஜம்மாள் பிறகு சொல்லித்தான் தெரியும். முதலில் முனியம்மா வந்து எட்டுக் கோழிகளை விட்டாள். பின்னாலேயே தெருவில் மற்றவர்கள், ஆளுக்கொரு கூடையோடு. பாய் தன் கோழிகளோடு என் ஆறையும் சேர்த்துக் கொண்டுவந்து, “தம்பி பத்திரமான எடத்துல வெக்கச் சொல்லிச்சும்மா. இந்த ஊட்டை விடப் பத்திரமான எடம் ஏது?” என்று கேட்டிருக்கிறார். கடைசியாக, பிரசிடென்ட் வீட்டு வேலைக்காரன் ஒரு சண்டைச் சேவலைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தான். எல்லாம் என் ஏற்பாடு என்று நினைத்த என் மனைவி, அத்தனையையும் மாட்டுக்கொட்டகையில் அடைத்துத் தட்டியைச் சாத்தினாள். இரை போட அவளுக்கு நேரமில்லை.

இது எதுவும் தெரியாத நான் இன்ஸ்பெக்டரிடம், “முதல்ல என் வீட்டையே பாருங்க சார். சுத்தம்னா எப்படி இருக்கணும்னு அப்பத் தெரியும்” என்றேன்.

ராஜம்மாள் வாசலில் நின்று கண்ணாலேயே ஏதோ சொன்னாள். காபித்தூள் தீர்ந்துவிட்டதாக்கும் என்று எண்ணி, “மோரே போதும்” என்றேன். இன்ஸ்பெக்டர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார் (ஆபீசிலிருந்து ‘தற்காலிகமாக’ வந்த நாற்காலி). அப்போதுதான் பின்பக்கம் முட்டையிட்ட கோழி ஒன்று அந்தச் செய்தியை ஊருக்கு அறிவித்தது.

“என்ன சத்தம் அது?”

“சம்சாரத்துக்கு இருமல் சார்.”

ராஜம்மாள் மோரோடு வந்து நின்றாள். இருமவில்லை. பின்னால் மறுபடி கொக்கரிப்பு.

“பக்கத்து வீடு சார்” என்றேன்.

இன்ஸ்பெக்டர் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தார். “பக்கத்து வீட்டுக்காரர் பேர் சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

ஒரே ஒரு பெயர். சொன்னால் என் வேலை பிழைக்கும். சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான். காய்ச்சலில் என்னைக் காப்பாற்றிய மனிதரை ஒரு வாய் மோர் குடிக்கும் நேரத்தில் விற்கத் துணிந்தேன். பயம் வந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். “பாய்” என்று தொடங்கினேன்.

“பா... பா... பா... பா...”

கோழி வளர்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: கோழியை இரைக்குக் கூப்பிடுவது இப்படித்தான். விடிந்ததிலிருந்து இரை காணாத ஐம்பது கோழிகள் அந்தச் சொல்லைக் கேட்டன. கொட்டகைத் தட்டி விழுந்த சத்தம் கேட்டது. சமையலறை வழியாகக் கூடத்துக்குள் அவை வந்த வேகத்தை எந்தப் பட்டாளத்திலும் பார்க்க முடியாது. மோர் கொட்டியது. நோட்டுப் புத்தகத்தின் மேல் ஒன்று ஏறி, தன் கருத்தைப் பதிவு செய்தது. நான் வாயை மூடவும் முடியாமல், பெயரை முடிக்கவும் முடியாமல், “பா... பா...” என்றே நின்றேன். மிச்சமிருந்தவையும் வந்து சேர்ந்தன.

“இவ்வளவு அழகாக் கூப்பிடறீங்களே, எல்லாம் உங்களுதா?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

வாசலில் கூடிவிட்ட தெருவில் முனியம்மா முந்திக்கொண்டாள். “அல்லாமே அவுருதுதான் சார்!”

செய்தி கேட்டு பிரசிடென்ட் ஓடிவந்தார். “யாருது இந்தக் கோயிங்க?” என்று அதட்டினார். சண்டைச் சேவல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அவரிடம் போய், அவர் செருப்பின் மேல் ஏறி நின்றது. அவர் காலை உதறினார். அது நகரவில்லை. இன்ஸ்பெக்டர் சேவலைப் பார்த்தார், பிரசிடென்டைப் பார்த்தார், நோட்டை மூடினார்.

“தங்கமான பையன் சார். கோயின்னா ஒரு ஆசை. இன்னிக்கே லைசென்ஸ் குடுத்துடறோம்” என்றார் பிரசிடென்ட், என்னைப் பார்க்காமல்.

ஐம்பது கோழிகளுக்கும் என் பெயருக்கு நானே லைசென்ஸ் எழுதிக்கொண்டேன். அடுத்த மாதமே வேலை நிரந்தரமாயிற்று. அந்தச் சேவலைப் பற்றி நான் எங்கும் பேசவில்லை.

அன்று சாயங்காலம் பாய் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

“பேர் சொல்லுன்னு அவரு கேட்டது என் காதுல உய்ந்துச்சு தம்பி. நீ சொல்லலியே! மொத்தக் கோயியையும் கூப்ட்டு உன் தலையில போட்டுக்கினியே!”

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். மோரோடு பக்கத்தில் நின்று என் “பா... பா...”வை முழுசாகக் கேட்டிருந்த ராஜம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மகள் நிக்காஹ்வில் பாய் அத்தனை பேர் முன்னால் இந்தக் கதையைச் சொல்லி, பிரியாணியில் முதல் தட்டை எனக்கு வைத்தார். நான் சாப்பிட்டேன். பாய் இப்போது இல்லை. அவர் மகன் என்னைக் கண்டால் இன்றும் எழுந்து நிற்பான். போன ரம்ஜானுக்கு வீட்டுக்கு வந்தவன், “அத்தா அடிக்கடி சொல்லும், நீங்க மட்டும் அன்னிக்கு எங்களக் காட்டிக் குடுத்திருந்தா...” என்று ஆரம்பித்தான்.

உள்ளேயிருந்து ராஜம்மாள், “பா... பா... பா...” என்றாள்.

“இன்னும் கோயி வளக்கறீங்களா அம்மா?” என்று அவன் புழக்கடையை எட்டிப் பார்த்தான்.

“ஒண்ணே ஒண்ணு கீதுப்பா” என்றாள்.