எக்ஸானரேட் அண்ணாச்சியின் சைக்கிள்

விசாரணையில் குற்றம் நிரூபணமாகவில்லை என்றால், அந்த ஊழியர் குற்றமற்றவர் என்று, ஆபீஸ் இங்கிலீஷில் 'எக்ஸானரேட்' என்று, உத்தரவில் தெளிவாக எழுத வேண்டும். விதி அப்படித்தான் சொல்கிறது. என் சர்வீஸில் அந்த விதியை முழுதாக நம்பிய ஒரே மனிதர், சங்கரன்கோவிலில் எங்கள் ஆபீஸில் தபால் குமாஸ்தாவாக இருந்த எக்ஸானரேட் அண்ணாச்சி.

எழுபதுகளின் கடைசி. அவர் பொறுப்பில் இருந்த ஆபீஸ் சைக்கிள் காணாமல் போனது. அதிகாரி உடனே அவருக்கு மெமோ கொடுத்தார். விசாரணை பாதியில் இருக்கும்போதே, சைக்கிள் புளியங்குடி சந்தையில் எலுமிச்சை மூட்டையோடு அகப்பட்டது. ஓட்டி வந்தவர் அதிகாரியின் மச்சினர். இரவல் கொடுத்தவர் அதிகாரி. கொடுத்ததை மறந்தவரும் அவரே.

'மேல் நடவடிக்கை கைவிடப்படுகிறது' என்று ஒற்றை வரியில் உத்தரவு போட்டார். வேறு யாராக இருந்தாலும் வாங்கிக்கொண்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். அண்ணாச்சி கையெழுத்துப் போட மறுத்தார்.

“கைவிடுததுன்னா என்ன வே அர்த்தம்? களவாணிப்பயதான், போனாப் போறான்னு விட்டுட்டோம்னுதானே? எக்ஸானரேட்னு போடணும்.”

“ரெண்டும் ஒண்ணுதான அண்ணாச்சி?” என்றேன்.

“எப்படி வே ஒண்ணு? எக்ஸானரேட்னா, தலையில சுமையை ஏத்தினவனே வந்து இறக்கி வைக்கது. இவரு, நீயே கீழ போட்டுக்கோங்காரு!”

மேலிடத்துக்கு மனு போனது. பதில் வரும்வரை சைக்கிளில் ஏறுவதில்லை என்று சபதம் வேறு. அவர் நடந்து கொண்டுபோனதில் அவசரத் தபால்கள் எல்லாம் சாதாரணத் தபால்களாயின. நினைவூட்டு மனுக்களை எழுதிக் கொடுத்தது நான். 'பணிந்து' என்று ஆரம்பித்தால் அந்தச் சொல்லை மட்டும் அடித்துவிடுவார்.

வீட்டிலும் இதே கதை. பாலைத் திறந்து போட்டதாக அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் மதினி, திட்டினார். மூடியைத் தள்ளியது பூனை என்று பிறகு தெரிந்தது. அண்ணாச்சி சாப்பிட உட்காரவில்லை.

“எக்ஸானரேட்டு, போதுமா? சோறு ஆறுது, உக்காருங்க!” என்று மதினி தீர்ப்புச் சொன்ன பிறகுதான் இலைக்கு வந்தார்.

வருஷங்கள் ஓடின. அந்த ஆடி முடிந்தால் ரிட்டையர்மென்ட். அதிகாரி கெஞ்சினார்.

“கையெழுத்தைப் போடும்யா. இது முடியாம உம்ம பென்ஷன் நகராது.”

“களவாணிப் பென்ஷன் எனக்கு எதுக்கு சார்?”

வெளியே வந்தார். தண்ணீர் குடித்துவிட்டுத் தபால் கட்டோடு நடக்கக் கிளம்பிவிட்டார்.

கடைசியில் மேலிடத்துக் கவர் வந்தது. தபால் குமாஸ்தா அல்லவா, அவரேதான் பிரித்தார். ஒருமுறை வாசித்தார். அவர் கேட்ட அந்த ஒற்றைச் சொல் அதில் இருந்தது. முறைப்படி முத்திரை குத்தி, பதிவு போட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

“வாரும் வே.”

நேராக வாடகை சைக்கிள் கடை. என்னைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு, திருவிழாக் கூட்டம் நிரம்பிய ரத வீதியில் விடாமல் மணி அடித்துக்கொண்டே மிதித்தார்.

“அண்ணாச்சி, கண்ணு தெரியலையா?” என்று ஒருவர் கத்தினார்.

“நல்லாத் தெரியுது! ஒதுங்கும் வே!”

அண்ணாச்சி இப்போது இல்லை. சைக்கிள் மணி கேட்டால் நான் ஒழுங்காக ஒதுங்கிவிடுகிறவன்தான். வருஷத்தில் ஒருநாள் மட்டும் ஒதுங்காமல் திரும்பிப் பார்க்கிறேன். அந்தப் பதில் வந்த நாள், ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தின நாள்.