வளாகம் முழுக்கப் பச்சை

அன்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே என் இடது முழங்கால் நீங்கலாக அனைவரும் நலம். அங்கே நீங்களும் எங்கள் பெண்ணும் பேத்தியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்று எழுதக் காரணம், உறுதியாகத் தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை. இரண்டு மாதத்துக்கு முன் நீங்கள் வீடியோவில் அழைத்தபோது பேத்தி சோபாவை விட்டுவிட்டு முதல் அடி எடுத்து வைத்தாள். வலது கால். பாதம் முழுவதும் தரையில் படும்படி நன்றாகவே வைத்தாள். பிறகு இடது காலைத் தூக்கினாள். அதோடு படம் நின்றுவிட்டது. தூக்கிய காலோடு அவள் நின்றுகொண்டே இருந்தாள். நான் போனைத் தட்டினேன், ஜன்னல் பக்கம் நீட்டினேன், நாற்காலி மேல் ஏறினேன். முழங்கால் விவகாரம் அப்போது தொடங்கியதுதான். உங்கள் அத்தை, "விடுங்க, எனக்கும் இப்படித்தான் நின்னு நின்னு போகுது" என்று ஆறுதல் சொன்னாள். ஒரு கல்லூரியின் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஊரார் பிள்ளைகளை எல்லாம் ஓட வைத்தவன், சொந்தப் பேத்தியின் இரண்டாவது அடியைப் பார்க்கவில்லை. இந்தக் கடிதம் முழுக்க அதைப் பற்றியதுதான். நடுவில் வேறு சங்கதிகளும் வரும், பொறுத்துக்கொள்ளவும்.

எங்கள் ஊழியர் குடியிருப்பு மைதானத்தைத் தாண்டி, வளாகத்தின் கடைசி மூலையில் இருப்பது உங்களுக்குத் தெரியும். கல்லூரி வைஃபை அங்கே வருவதற்குள் களைத்துவிடுகிறது. எங்கள் கட்டடத்தில் ஒரு வைஃபை பெட்டி மாட்டித் தாருங்கள் என்று முதல்வரிடம் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைத் தாளாளரிடம் அனுப்பினார். தாளாளர் நல்லவர், பணம் அவர் கையைவிட்டுப் போகும்வரை. எங்கே சிக்னல் வருகிறது, எங்கே வரவில்லை என்று முதலில் அளந்து காட்டுங்கள், அப்புறம் பெட்டி வாங்கலாம் என்றார். அளந்து கொடுக்கும் நிறுவனம் ஒன்றிலிருந்து ஓர் ஆள் வந்தார். கம்பில் பொருத்திய கருவியோடு முதல்வர் அறையை ஒரு சுற்றுச் சுற்றி, பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக ஒரு வரைபடம் காட்டினார். எல்லோருக்கும் பிடித்துப்போனது. விலையைச் சொன்னதும் தாளாளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். மலிவாக ஒரு கருவியைத் தேர்ந்தெடுத்து நாமே அளந்துவிடலாமே என்று யாரோ சொன்னார்கள். அளப்பது என்றால் வளாகம் முழுக்க நடக்க வேண்டும் என்று இன்னொருவர் சொன்னார். அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. "அதுக்கு எவ்வளவு நாள் ஆகும்?" என்று ஒரு கேள்வி கேட்ட குற்றத்துக்காக நூலகரையும் என்னோடு சேர்த்துவிட்டார்கள். கருவித் தேர்வுக் குழு என்பது நாங்கள் இருவரும்தான். நான் தலைவர், அவர் உறுப்பினர்கள்.

தேர்வில் நாங்கள் குறை வைக்கவில்லை. முதலில் மடிக்கணினியில் போட்டுக்கொள்ளும் ஒரு மென்பொருளைப் பார்த்தோம். இரண்டு வாரம் இலவசம், பிறகு காசு என்றார்கள். கல்லூரி மடிக்கணினியில் அதைப் போட்டுக்கொள்ள அனுமதி கேட்டு எழுதினோம். அனுமதி வந்த அன்று இலவசம் முடிந்தது. நூலகர் வேறொரு மின்னஞ்சல் முகவரியை உண்டாக்கி மறுபடி வாங்கினார். அது வளாகத்தின் வரைபடத்தைக் கேட்டது. அலுவலகத்தில் இருந்த ஒரே வரைபடம், கட்டட அனுமதிக்காக எந்தக் காலத்திலோ கொடுத்தது. அதில் உள்ள கலையரங்கம் இன்னும் கட்டப்படவில்லை, எங்கள் குடியிருப்போ அதில் இல்லவே இல்லை. நான் இத்தனை வருடமாகக் குடியிருக்கும் வீடு இருக்கும் இடத்தில் 'எதிர்காலப் பூங்கா' என்று எழுதியிருந்தது. இந்தக் கருவி வேண்டாம் என்று தலைவர் என்ற முறையில் நான் தீர்மானித்தேன். அடுத்து, மடிக்கணினியில் செருகும் விரல் அளவு கருவி ஒன்று. விலை குறைவு. அதனாலேயே வாங்க முடியவில்லை. அவ்வளவு சின்ன தொகைக்குக் கோப்பு திறப்பதில்லையாம், நாலைந்து சேர்த்து வாங்கினால் பார்க்கலாம் என்றார்கள்.

அப்போதுதான் உங்களிடம் போனில் யோசனை கேட்டேன். நெட்வொர்க் வேலையே பார்க்கிறவர் வீட்டில் இருக்கும்போது நாம் ஏன் வெளியே அலைய வேண்டும் என்று உங்கள் அத்தைதான் சொன்னாள். நீங்களும் பொறுமையாகச் சொன்னீர்கள். "மாமா, இலவச செயலியே போதும். கடைசிவரைக்கும் ஒரே போன்ல அளங்க. நெஞ்சு உயரத்துல பிடிங்க. ஒவ்வொரு இடத்துலயும் நின்னு நாலு பக்கமும் திரும்புங்க, நம்ம உடம்பே சிக்னலை மறைக்கும். ரொம்ப முக்கியம், கூட வர்றவங்க போன்ல மட்டும்..." என்றீர்கள். அதோடு லைன் போய்விட்டது. மீதி என்ன என்று திரும்பக் கேட்டிருக்க வேண்டும். கூட வருகிறவர் போனில் பேசிக்கொண்டே வரக்கூடாது என்று சொல்ல வந்திருப்பீர்கள் என்று நானே முடிவு செய்தேன். நூலகர் அப்படிப் பேசுகிறவர் இல்லை. அவருக்குப் போன் செய்ய ஆளும் இல்லை.

செயலியைத் தாளாளரிடம் காட்டப் போனோம். மைனஸ் நாற்பத்தைந்து என்று காட்டியது. அருமையான சிக்னல் என்று நான் விளக்கினேன். தாளாளர் முகம் வாடியது. நமது நிறுவனத்தில் எதுவும் மைனஸில் போகக்கூடாது, முதலில் அதைப் பிளஸுக்குக் கொண்டுவாருங்கள் என்றார். நூறு மீட்டர் ஓட்டத்தில் குறைந்த நேரம் எடுப்பவன் ஜெயிப்பதுபோல, இதில் மைனஸுக்குப் பின்னால் இருக்கிற எண் குறைந்தால் நல்லது என்று நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அப்படியானால் சைபர் வரும்வரை குறையுங்கள் என்றார். கடைசியில் எண்களை மறைத்துவிட்டு நிறங்களை மட்டும் காட்டுவது என்று உடன்பாடு ஏற்பட்டது.

பிறகு அளந்தோம். நீங்கள் சொன்னது ஒன்றையும் விடவில்லை. போனை நெஞ்சு உயரத்தில் பிடித்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன், நூலகர் என் தோளை ஒட்டி வந்து குறிப்பெடுத்தார். நிற்கும் இடத்தில் எல்லாம் விசில் ஊதி நான்கு திசையும் திரும்பினோம். மாணவர்கள் சிலர் ஏதோ உடற்பயிற்சி என்று எண்ணித் தாங்களும் திரும்பினார்கள், நல்ல பிள்ளைகள். வகுப்பறை, ஆய்வகம், வண்டி நிறுத்துமிடம், எல்லா இடத்திலும் பச்சை. கட்டப்படாத கலையரங்கத்தின் மேடை வரவேண்டிய புதரிலும் பச்சை. கடைசியாக எங்கள் வீட்டு ஹால். மாப்பிள்ளை, அங்கும் பச்சை. பேத்தியின் கால் அந்தரத்தில் நின்ற அதே இடம். போனை உதறிப் பார்த்தேன், பச்சைதான். சிவப்பு என்று எழுதச் சொல்லி மனம் அரித்தது. ஆனால் ஜெயித்த பையனைப் பிடிக்கவில்லை என்பதற்காக நான் ஒருநாளும் ஸ்டாப்வாட்ச்சைத் திருத்தியதில்லை. பச்சை என்றே எழுதினேன்.

அறிக்கையைப் பார்த்துத் தாளாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு பெட்டிகூட வாங்க வேண்டியதில்லை. வாசலில் 'முழு வளாகமும் வைஃபை' என்று பலகை வைத்துவிட்டார்கள். அன்று முதல் குடியிருப்பில் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எதிர்வீட்டு வேதியியல் பேராசிரியர் மட்டும் வந்து, என் சமையலறைக்குப் பச்சை போட்டது நீங்கள்தானா என்று கேட்டுவிட்டுப் போனார்.

குட்டு வெளிப்பட்டது நூலகர் குடையால். எங்கள் வீட்டில் மறந்து வைத்துவிட்ட குடையை எடுக்க அவர் வந்தபோது என் போனில் சிக்னல் முழுதாக ஏறியது. குடையோடு படியிறங்கிப் போனார், சிக்னலும் இறங்கியது. திரும்பக் கூப்பிட்டேன், ஏறியது. விசில் ஊதி அவரைத் தெருமுனைவரை போகச் சொன்னேன். வரச் சொன்னேன். மறுபடி போகச் சொன்னேன். சந்தேகமே இல்லை, சிக்னல் நூலகரிடமிருந்து வருகிறது.

விசாரித்ததில் அவர் சட்டைப் பையில் இன்னொரு போன் இருந்தது. அசடு வழிய உண்மையைச் சொன்னார். "நெட் இல்லாத இடத்துல செயலி நின்னு நின்னு போச்சு சார். அதான் என் ஹாட்ஸ்பாட்டைப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் உங்க போன் பாஸ்வேர்டு கேட்டுத் தொந்தரவு பண்ணக் கூடாதேன்னு, நம்ம காலேஜ் வைஃபை பேரையும் பாஸ்வேர்டையும் அதுக்கே வெச்சுட்டேன்." நாங்கள் வளாகம் முழுக்க அளந்தது அவருடைய சட்டைப் பையை. அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நல்லது செய்ய நினைத்த மனிதர்.

இருவரும் தாளாளரிடம் போய் ஒளிக்காமல் சொன்னோம். அவர், சிக்னல் நூலகரிடமிருந்து வருகிறது என்றால் சாயங்காலம் நூலகரைக் குடியிருப்புப் பக்கம் அனுப்பிவிடலாமே, பெட்டி எதற்கு என்றார். எழுத்திலும் ஆணை வந்துவிட்டது. இப்போது நூலகர் தினமும் எங்கள் ஹாலில் வந்து உட்காருகிறார். உங்கள் அத்தை அவருக்குத் தேநீர் போடுகிறாள். அவர் நடுவீட்டில் இருக்கும்போது உங்களை அழைத்துப் பார்த்தேன். மூன்று மாடிக்காரர்களின் போன்களும் அவர் ஹாட்ஸ்பாட்டில் தொற்றிக்கொண்டதால் உங்கள் முகம் கட்டம் கட்டமாக வந்து போய்விட்டது. பேத்தி வரவே இல்லை. நேற்று வேதியியல் பேராசிரியர் வந்து, எங்கள் வீட்டு முறை எப்போது என்று கேட்டு, தேநீரை முடிக்கவிடாமல் நூலகரைக் கையோடு அழைத்துப் போய்விட்டார்.

ஆகவே மாப்பிள்ளை, வாய்விட்டுக் கேட்கிறேன். நிபுணர் என்ற முறையில் தாளாளருக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுத வேண்டும். மறுபடி அளக்க வேண்டும், குடியிருப்புக்குப் பெட்டி அவசியம் என்று ஆணித்தரமாக எழுதுங்கள். அந்த விரல் அளவு கருவியையும் வாங்கி அனுப்பிவிடுங்கள், நான் தனியாகவே அளக்கிறேன். உங்களிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை. எனக்கு அந்த இரண்டாவது அடியைப் பார்க்க வேண்டும். நாள் போகப் போக அவள் நடந்து பழகிவிடுவாள். பழகிய நடையை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தள்ளாடுகிற நடையைத் தவறவிட்டால் அது போனது போனதுதான். இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது.

குடும்பத்தோடு நீங்கள் நோய்நொடி இல்லாமல், முதுகு வளையாமல் நீண்ட காலம் இருக்க வேண்டும். எங்கள் பெண்ணுக்கும் பேத்திக்கும் என் ஆசிகள். உங்கள் அத்தையும் ஆசி சொல்வாள். துணி எடுக்கப் போயிருக்கிறாள், வந்ததும் ஒரு வரி எழுதச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: கருவி எதுவும் அனுப்ப வேண்டாம். தாளாளருக்கும் எழுத வேண்டாம். ஒரு வரி எழுதி வாங்க உங்கள் அத்தையைத் தேடிக் கட்டடத்தின் பின்பக்கம் போனேன். பழக்கதோஷத்தில் போனை நெஞ்சு உயரத்தில் பிடித்திருந்தேன். துணிக்கொடியை நெருங்க நெருங்கச் செயலி பச்சையானது. நூலகர் எங்காவது நிற்கிறாரா என்று சுற்றிலும் பார்த்தேன். இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் மாணவியர் விடுதிச் சுவரில் ஒரு வைஃபை பெட்டி இந்தப் பக்கம் பார்த்து நின்றது. துணிகள் எப்போதோ காய்ந்து, மடிந்து, கூடையில் இருந்தன. கொடியில் தொங்கியது உங்கள் அத்தையின் போன் மட்டும்தான், இரண்டு பக்கமும் கிளிப் போட்டு. அதில் எங்கள் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எவ்வளவு நாளாக என்று கேட்டேன். "குழந்தை குப்புற விழுந்ததுல இருந்து" என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க வந்தா, சாப்பிட்டாச்சா, தூங்கினாச்சா, முதுகை நேரா வெச்சு உட்காருன்னு சொல்லிட்டுப் போனை வெச்சிடுவீங்க. எனக்கு என் பொண்ணுகிட்டப் பேசணும்ங்க" என்றாள். நானும் வருகிறேன் என்று கெஞ்சினேன். கிளிப் டப்பாவைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் நிற்பதாக இருந்தால் தினமும் வரலாம் என்று கடைசியில் அனுமதி கிடைத்தது. நின்றேன். அப்போது படத்தில் ஒருவர் பல் தேய்த்துக்கொண்டே வந்து, "அத்தை, இன்னிக்குச் சீக்கிரமே வந்துட்டீங்களா" என்று கேட்டார். டப்பாவோடு என்னைப் பார்த்ததும் அப்படியே பின்பக்கமாக நடந்து மறைந்தார். அது நீங்கள் இல்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.

பேத்தியைப் பார்த்தேன். இரண்டாவது அடியெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது மாப்பிள்ளை, அவள் ஓடுகிறாள். ஓடும்போது இடது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்கிறாள், அந்தக் கையும் வீச வேண்டும். அங்கே நான் இதைச் சொல்லவில்லை, டப்பாவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். நீங்கள் சொல்லிவிடுங்கள்.