குளிர்பதனப் பேணுகைத் துணைக்குழு

மனித நாகரிகம் நெருப்பைக் கண்டுபிடித்த நாளில் தொடங்கிற்று என்று பாடநூல்கள் பிழையாகக் கற்பிக்கின்றன. அது தொடங்கியது 2003ஆம் ஆண்டு மார்ச் ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, புணே நகரத்துக் கோர்படியில். அன்றுதான் கோர்படித் தமிழர் நலச் சங்கத்தின் சமையலறையில், நான்கு கதவுகள் கொண்ட ஆளுயர எஃகுக் குளிர்பதனப் பெட்டி ஒன்று, சந்தனம் பூசி மாலை அணிந்து நிறுவப்பெற்றது.

நிறுவியவர் என்று சுவரில் பதித்த கல்லில் பொறிக்கப்பெற்றிருப்பது சங்கச் செயலாளர் ஜம்புநாதனின் பெயர். திருகாணி முடுக்கி, மட்டம் பார்த்து, மின்னிணைப்புக் கொடுத்தவர் கேம்ப் பகுதியில் பட்டறை வைத்திருக்கும் இர்பான். கற்களில் இத்தகைய சிறு விவரங்களுக்கு இடம் இருப்பதில்லை.

ஜம்புநாதன் முப்பத்தோராண்டுகள் ஓர் அரசு அலுவலகத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர். எந்தக் கோப்பும் தொலையாமலும் எந்தக் கோப்பும் முடியாமலும் காத்தவர். ஆகவே, வேலையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு இர்பான் பேசத் தொடங்கியதும் பேனாவைத் திறந்தார்.

“மூணே விஷயம் சார். பின்னாடி காத்துக்கு அரை அடி ஜாகா விட்டிருக்கேன், அதை அடைக்காதீங்க. மாசத்துக்கு ஒரு தபா இந்தக் கம்பிவலை ஜாலியை ப்ரஷ் போட்டுத் தூசி எடுங்க. சும்மா சும்மா கதவைத் திறக்காதீங்க. அவ்ளோதான், பத்து வருஷம் ஓடும்.”

“இதை எழுத்து மூலமாக் குடுங்கோ.”

“எழுதறதா? வாயாலதான் சொல்வேன் சார்.”

“வாயால சொன்னதுக்கு நான் எப்படிப்பா நடவடிக்கை எடுக்கிறது?”

இர்பான் டெம்போவில் ஏறிப் போய்விட்டார். நடவடிக்கையோ உடனே எடுக்கப்பெற்றது. அன்று மாலையே ‘குளிர்பதனப் பேணுகைத் துணைக்குழு’ முன்மொழியப்பெற்று, வழிமொழியப்பெற்று, பிறந்தது. அதன் தலைவர் ஜம்புநாதன். உறுப்பினர் சாய்கிருஷ்ணா. பாணேரில் அடுக்ககத்தில் வாழும் மென்பொருள் இளைஞரான சாய்கிருஷ்ணாவுக்குத் தமிழ் சற்றே தடுக்கும். தரச் சான்றிதழ் என்றால் தடுக்கவே தடுக்காது.

“அங்கிள், நம்ம கிச்சனுக்கு குவாலிட்டி சர்டிஃபிகேட் வாங்கலாம். என் ஆபீஸ்ல வாங்கினா, எல்லாருக்கும் டி-ஷர்ட் குடுத்தா. ஒரே ரூல்தான். எழுதலேன்னா, நடக்கலே.”

ஜம்புநாதனின் கண்கள் பனித்தன. முப்பத்தோராண்டுகள் தாம் வாழ்ந்து காட்டிய நெறியைக் கணினித் தலைமுறை ஒன்று தானாகவே கண்டடைந்துவிட்டது.

உடனே பதிவேடு திறக்கப்பெற்றது. பெட்டியின் வெளிப்புறத்திலேயே வெப்பநிலை எண்களில் ஒளிர்ந்தது உண்மைதான். ஆனால், “அது பெட்டி தன்னைப் பத்தித் தானே சொல்லிக்கிறது. அதை எப்படி நம்பறது? உள்ளே ஒரு சாட்சி வேணும்” என்றார் ஜம்புநாதன். நான்கு கதவுகளுக்கு உள்ளேயும் நான்கு வெப்பமானிகள் தொங்கவிடப்பெற்றன. காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை மணிக்கொரு முறை, செயலாளர் நான்கு கதவுகளையும் திறந்து அளவைப் படிப்பார். பிறகு சரிபார்ப்பு. தாம் படித்ததைத் தாமே சரிபார்ப்பது முறையன்று என்பதால், மூக்குக்கண்ணாடியை மாற்றி அணிந்துகொண்டு நான்கு கதவுகளையும் மீண்டும் திறப்பார். நாளொன்றுக்கு எண்பது திறப்புகள். இத்துணை அக்கறையோடு பேணப்பெற்ற பெட்டி அந்த நகரத்திலேயே வேறில்லை.

தூசி நீக்கும் பணியிலும் குறை சொல்ல இயலாது. ப்ரஷ் என்பது நுகர்பொருளா, நிலைப்பொருளா என்ற வினாவில் துணைக்குழு இரண்டு கூட்டங்களைச் செலவிட்டது. முடிவு எட்டும் வரையில் உரிய கட்டத்தில் ‘ஆவன செய்யப்படுகிறது’ என்று நாள் தவறாமல் எழுதப்பெற்றது.

இந்த மகத்தான ஏற்பாட்டில் ஒரே ஒரு குறை இருந்தது. பெட்டிக்குள் மாவு வைக்க வேண்டியிருந்தது.

மாவு மங்கையர்க்கரசியுடையது. கோர்படி ரயில்வே குடியிருப்பில் ஒற்றை அறை வீட்டில் வாழ்பவர். ஆறாண்டுகளாகச் சங்கச் சமையலறையில் தம் கிரைண்டரைப் போட்டு, சுற்றியுள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு இட்லி மாவும் தோசை மாவும் அரைத்து விற்பவர். அந்தக் கிரைண்டரை வைக்க அவர் வீட்டில் இடமில்லை. சமையலறை போனால் பிழைப்பும் போகும்.

ஏப்ரல் வந்தது, வெயில் வந்தது, மாவு நண்பகலுக்குள் பொங்கிப் புளித்தது. பதிவேட்டில் ஒன்பது, பதினொன்று, பதிமூன்று என்று எண்கள் ஏறின. வரைபடத்தைக் கண்ட சாய்கிருஷ்ணா முகம் சுளித்தார்.

“அங்கிள், கிராஃப் ஸ்டெடியா இருக்கணும். இது மலை மாதிரி இருக்கு.”

குறை உடனே களையப்பெற்றது. ‘4 டிகிரி’ என்று முன்கூட்டியே அச்சிட்ட படிவங்கள் வந்தன. செயலாளர் இனிக் கதவுகளைத் திறந்து பார்த்துக் கையொப்பம் மட்டும் இட்டால் போதும். வரைபடம் சமவெளியாயிற்று. மாவு மட்டும் நவீன மேலாண்மைக்குக் கட்டுப்படாமல் புளித்துக்கொண்டே இருந்தது. ஏழு புகார்கள் வந்தன. மங்கையர்க்கரசி அலுவலக அறைக்கு அழைக்கப்பெற்றார்.

“மாவு புளிக்கறதாமே?”

“ஃப்ரிட்ஜு குளுரலையே சார். உள்ளே கை வெச்சுப் பாருங்க.”

“கை ஒரு அளவுகோல் இல்லேம்மா. பதிவேட்டைப் பாருங்கோ. நாலு டிகிரி.”

“காலையில நீங்களே பதிமூணுன்னு படிச்சீங்க. நான் காதால கேட்டேன்.”

“படிச்சது பதிமூணு. பதிவு நாலு.”

“எண்பது தபா கதவைத் திறந்தா அது எங்க சார் குளுரும்? என் வீட்டுக் கதவை எண்பது தபா திறந்து மூடுனா, என் வீட்டுக்காரரே போதும்டா சாமின்னு ஓடிடுவாரு.”

ஜம்புநாதன் இதைக் குறிப்பில் ஏற்றவில்லை. கணவர் சங்க உறுப்பினர் அல்லர். இறுதி எச்சரிக்கையை நிதானமாகப் படித்துக் காட்டினார். ஏப்ரல் இருபத்தேழு, ஞாயிற்றுக்கிழமை தரச் சான்றிதழ் தேர்வாளர் வருகிறார். அன்று உறுப்பினர் அனைவர்க்கும் தோசை விருந்து. அன்று மாவு புளித்தால் சமையலறைச் சாவியை ஒப்படைத்துவிட வேண்டும்.

புதன்கிழமை பெட்டி, பெருமூச்சு ஒன்றை விட்டுவிட்டு, முற்றிலும் நின்றுபோயிற்று. மங்கையர்க்கரசி தாமே இர்பானை வருவித்தார். அவர் பின்பக்கத்தைத் திறந்து, ஜாலியிலிருந்து தூசியைக் கம்பளம் போல உரித்தெடுத்துக் காட்டினார்.

“கம்ப்ரசர் வெந்துபோச்சும்மா. பட்டறைக்குத் தூக்கிட்டுப் போகணும். திங்கக்கிழமை தர்றேன்.”

சங்கத்தின் உடைமை வெளியே செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். அதில் ஜம்புநாதன் பதினொரு மணிக்கு, மூன்று படிகளில் கையொப்பமிட்டார். பெட்டி, வெப்பமானிகளோடு டெம்போவில் ஏறியது. பன்னிரண்டு மணிக்குப் பதிவேட்டைத் திறந்து, ‘4 டிகிரி, சரிபார்க்கப்பெற்றது’ என்ற கட்டத்தில் கையொப்பமிட்டார். இதில் முரண் காண்பவர் நிர்வாகம் அறியாதவர். அனுமதிச் சீட்டு உடைமைக் கோப்பைச் சேர்ந்தது. பதிவேடு பேணுகைக் கோப்பைச் சேர்ந்தது. பதிவேட்டை நிறுத்த வேண்டுமானால் செயற்குழு தீர்மானிக்க வேண்டும். செயற்குழுவோ மே பதினொன்றில்தான் கூடும்.

சனிக்கிழமை அரைத்த மாவை மங்கையர்க்கரசி குடியிருப்புக்கே கொண்டு போனார். அண்டை வீட்டு மரியம்மாள் தம் ஃப்ரிட்ஜிலிருந்து மீன் குழம்பை எடுத்து வெளியே வைத்தார்.

“இங்க ரெண்டு தூக்கு வை மங்கை. மிச்சத்தை வீடு வீடாக் குடுத்துட்டு வருவோம். ஒரு ராத்திரிக்கு யாரு மாட்டேன்னு சொல்லப் போறா?”

யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. பதினொரு வீடுகளின் பதினொரு சிறிய ஃப்ரிட்ஜ்களில், யாரும் கதவைத் திறந்து நலம் விசாரிக்காமையால், மாவு அமைதியாக உறங்கிற்று.

ஞாயிறன்று தோசைகள் மல்லிகைப்பூ நிறத்தில், ஓரம் மட்டும் பொன்னிறமாக வந்தன. தேர்வாளர் ஆறு சாப்பிட்டார். அவர் மராட்டியர்; பெரிய மனிதர்; சட்டினியையும் மறுக்கவில்லை. பின்னர்ப் பதிவேட்டைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் நாலு, நாலு, நாலு. அவர் முகம் மலர்ந்தது.

“ஃப்ரிட்ஜ் கிதர் ஹை?” என்று, பெட்டி இருக்கும் இடத்தை இந்தியில் கேட்டார்.

சமையலறையில் ஒரு வெற்றிடம் இருந்தது. தரையில் நான்கு கால்களின் தடம் இருந்தது. சுவரில் ஜம்புநாதனின் பெயர் இருந்தது.

தோசைக்கல்லை விட்டு நிமிர்ந்த மங்கையர்க்கரசிதான் இந்தியில் விடை சொன்னார்: பெட்டி புதன்கிழமையிலிருந்து பட்டறையில் இருக்கிறது.

தேர்வாளர் வியாழன், வெள்ளி, சனி ஆகிய நாள்களைப் புரட்டினார். நாலு. நாலு. நாலு. பிறகு தம் வினாப்பட்டியலைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்து, இந்தியில் தீர்ப்பளித்தார்.

“பதிவு இடைவிடாமல் எழுதப்படுகிறதா என்று ஒரு கேள்வி இருக்கிறது. ஃப்ரிட்ஜ் இருக்கிறதா என்று கேள்வி இல்லை.”

சான்றிதழ் வழங்கப்பெற்றது. கைதட்டல் எழுந்தது. கருவி இல்லாத நிலையிலும் தரம் குன்றாமல் காத்த சங்கம் என்று தேர்வாளர் குறிப்பிலும் ஒரு வரி எழுதினார்.

அவர் படியிறங்கிய அடுத்த நிமிடமே துணைக்குழு அவசரமாகக் கூடியது.

“ஏம்மா, மாவை எங்கே வெச்சிருந்தேள்?”

“பதினோரு வீட்டுல சார்.”

“பதினோரு பெட்டி! ஒண்ணுக்காவது பதிவேடு உண்டா?”

“தோசை நல்லாத்தானே இருந்துச்சு? நீங்களே நாலு சாப்பிட்டீங்க.”

“நன்னாத்தான் இருந்தது. யாரு இல்லேன்னா? ஆனா எதனால நன்னா இருந்ததுன்னு காட்ட ஒரு காகிதம் இல்லையே! சான்றிதழ் வாங்கின சமையலறையில இதை அனுமதிக்க முடியுமா?”

சாய்கிருஷ்ணா தலையைக் குனிந்துகொண்டு, “ப்ராசஸ் வயலேஷன், ஆன்ட்டி” என்றார். தோசையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் தட்டு ஏற்கெனவே காலியாகியிருந்தது.

மாவு புளித்த நாள்களில் மங்கையர்க்கரசிக்குக் கிடைத்தது எச்சரிக்கை. புளிக்காத நாளில் கிடைத்தது வெளியேற்றம். அவர் கிரைண்டரை நால்வரைக் கொண்டு தூக்கச் செய்து, மரியம்மாள் வீட்டுப் பின்புறத் தகரக் கொட்டகையில் இறக்கினார்.

வெளியேற்ற ஆணையை நேரில் சேர்ப்பித்து, ஒப்புகை பெற்று, சாவியையும் வாங்கிவர வேண்டும் என்பது விதி. ஜம்புநாதன் அப்பணியைப் பிறரிடம் விடும் இயல்பினர் அல்லர். மறுநாள் மாலை தாமே ரயில்வே குடியிருப்புக்கு நடந்தார். கொட்டகை வாசலில் தூக்குகளோடு சங்க உறுப்பினர் பதினைந்து பேர் வரிசையில் நின்றனர். மூன்றாவதாக நின்றவர் பட்டு மாமி. அதாவது, திருமதி ஜம்புநாதன்.

“நீங்க எங்கே வந்தேள்?” என்றார் மாமி.

“அலுவல்” என்றார் அவர்.

மங்கையர்க்கரசி மாவுக் கையைக் கழுவித் துடைத்து, ஆணையின் இரண்டு படிகளிலும் கையொப்பமிட்டார். முந்தானை முடிச்சிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தார். பிறகு மாமியின் தூக்கை நிரப்பி நீட்டினார்.

“மாமிக்கு முட்டி வலியாம், இவ்ளோ தூரம் தூக்கிட்டு நடக்க முடியாது. நீங்களே கொண்டு போயிடுங்க சார்.”

கோர்படி வீதியில் அன்று மாலை ஜம்புநாதன் நிமிர்ந்து நடந்ததைக் கண்டவர் பலர். பொதுநலத் தொண்டில் இரு கைகளும் ஓயாத ஒரு மனிதரை அந்நகரம் அதற்குமுன் கண்டதில்லை. ஒரு கையில், மங்கையர்க்கரசியிடமிருந்து பறித்த சமையலறைச் சாவி. மறு கையில், மங்கையர்க்கரசி அரைத்த மாவு.