செங்கமலம் சொல்லாத சம்மதம்

கடலூர் முதுநகர்
10.9.2008

மதிப்பிற்குரிய சிதம்பரம் மாமாவுக்கு, தங்கள் அக்காள் மகள் மாலதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் தவிர அனைவரும் நலம். நான் அதிர்ச்சியில் இருக்கிறேன். அங்கு சிவகாமு நலமாக இருந்தால், அவளைத் திட்டிவிட்டு மேலே படிக்கவும்.

மாமா, நானும் உங்கள் மகளும் மெசேஜ் அனுப்பி அனுப்பி ஒரு கதை எழுதுகிறோம் அல்லவா? செங்கமலம் என்ற கப்பல் தலைவி நான். கருநாகன் என்ற கொள்ளைக்காரன் அவள். அவன் ஒன்று பேசினால் இவள் ஒன்று பேசுவாள். வெறும் "சரி" என்று அனுப்பினால் கதை அங்கேயே படுத்துவிடும், "சரி, உன் வாளை உடைத்தது யார்?" என்று கேட்டால்தான் எதிராளிக்குப் பேச இடம் கிடைக்கும். நன்றாகத்தான் ஓடியது. நேற்று நான் டியூஷன் போய் வருவதற்குள் சிவகாமு இரண்டு பேருக்கும் தானே பேசிவிட்டாள்! கருநாகன் "என்னைக் கட்டிக்கிறியா?" என்றானாம், செங்கமலம் "சரிங்க" என்றாளாம். கப்பல் கப்பலாக எரித்தவள் "சரிங்க" என்பாளா மாமா? போன் போட்டுக் கேட்டால், "நீ லேட் பண்ணிட்டடி, அதான் நானே சொல்லிட்டேன். அன்னிக்கு எங்கப்பாவும் அப்படித்தான சொன்னாரு?" என்கிறாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஞாயிற்றுக்கிழமை அமராவதி அக்காவைப் பெண் பார்க்கப் பெண்ணாடத்திலிருந்து வந்தார்களே, அன்று மாப்பிள்ளையின் அம்மா, "பாட வருமாம்மா?" என்று அக்காவிடம் கேட்டார். "ஜோரா பாடுவா!" என்றீர்கள் நீங்கள். அக்கா பாடினால் எதிர்வீட்டு நாய்கூட எழுந்து போய்விடும். "எங்க ஊரு பூரா கரும்புக் காடுதான், புடிக்குமாம்மா?" என்றதற்கு எங்கள் அம்மா, "அவளுக்குக் கரும்புன்னா உசுருங்க" என்றார். கடைசியில் மாப்பிள்ளையே, "அவுங்கள கொஞ்சம் பேச விடுங்களேன்" என்றார். அதற்கும் நீங்கள்தான், "பேசுவா மாப்ள, நல்லா பேசுவா!" என்று பதில் சொன்னீர்கள். பிறகு பெண்ணுக்குச் சம்மதம் என்று நீங்களே சொல்லி, ஐப்பசியில் தட்டு மாற்றவும் பேசி முடித்துவிட்டீர்கள். அக்கா காப்பித் தட்டோடு நின்றுகொண்டே இருந்தாள்.

அன்றிலிருந்து அவள் வாயே திறப்பதில்லை. சோற்றைப் பார்த்தாலே கண் கலங்குகிறது. அவளுக்கு இஷ்டமில்லை மாமா. உடனே பெண்ணாடத்துக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் நிறுத்துங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். சிவகாமுவுக்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
மாலதி, ஒன்பதாம் வகுப்பு

பின்குறிப்பு: ஒட்டுவதற்குள் அக்கா பிடுங்கிப் படித்துவிட்டாள். கீழே இருப்பது அவள் கையெழுத்து.

மாமா, நான் அமராவதி. எனக்கு வாயெல்லாம் புண்ணு, காரம் பட்டா உசுரு போவுது, அதான் பேசல. எனக்கு அவரப் புடிச்சிருக்கு. என்னைப் பேச விடச் சொன்னது அவரு ஒருத்தருதான். இஷ்டமில்லன்னு இவள யாரு சொல்லச் சொன்னது? போன் கீன் போட்டுடாதீங்க. பாட வராதுங்கறத மட்டும் நானே அவருகிட்ட சொல்லிக்கிறேன்.