பெடலுக்கு வலிக்கக் கூடாது

"பதினாலு" என்றார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். பெட்ரோல் பங்க் வாசலிலேயே வண்டியை ஓரம் கட்டி, இரண்டாவது தடவையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார்.

"எதுங்க?" என்றாள் மனைவி.

"லிட்டருக்குப் பதினாலு கிலோமீட்டர். போன தடவை பதினஞ்சு."

இதே வண்டியை, இதே நிறத்தில், இதே கடையில் வாங்கிய மச்சினனுக்குப் பதினெட்டு கிடைத்தது. கிடைத்ததை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். போன ஞாயிறு குடும்பமே கூடியிருந்த இடத்தில், "மாமா, உங்க வண்டிக்கு வயித்துல பூச்சி இருக்கு போல" என்றான்.

கடைக்காரருக்குச் சுருக்கென்றது. "அடுத்த மாசக் கடைசிக்குள்ள உன்னைத் தாண்டிக் காட்டறேன். இல்லைன்னா ஸ்டியரிங்கையே தொட மாட்டேன். சாவிய உங்கக்காகிட்ட குடுத்துட்டுப் பக்கத்து சீட்ல உக்காந்துக்கறேன்" என்று வாயைக் கொடுத்துவிட்டார்.

மனைவியிடம் லைசென்ஸ் இருந்தது. வண்டிதான் கிடைத்ததில்லை. அவள் ஓட்ட, தான் வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவதை நினைத்துப் பார்க்கக்கூட அவர் தயாராக இல்லை.

பெட்ரோல் போட்ட அன்று மாலை முதல், வீட்டில் அவர் தினமும் நடத்தும் பாடம் மைலேஜுக்கு மாறியது. "பெடலுக்கு வலிக்காம மிதிக்கணும். சிக்னல் தூரத்துல தெரியும்போதே கால எடுத்துடணும். பாதிப் பெட்ரோல் பிரேக்குலதான் போகுது."

"குப்பை கொட்டிட்டு வந்துடறேங்க" என்று மனைவி வாளியோடு கீழே போனாள். திரும்பி வந்தபோதும் அவர் பிரேக்கில்தான் இருந்தார்.

மறுநாள் முதல் பெடலுக்கு வலிக்கவில்லை. சைக்கிள்காரர்கள் முந்திப் போனார்கள். பின்னால் வந்தவர்கள் அவருடைய பரம்பரையையே விசாரித்தார்கள். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டு டேங்க்கை நிரப்பினால் பதிமூன்று.

"டயர்தான்" என்று முடிவு கட்டினார். "காத்து கம்மியா இருந்தா டயர் ரோட்டப் புடிச்சுக்கும். இன்ஜின் மல்லுக்கட்டி இழுக்கணும்." காற்றின் அளவு பார்க்கும் கருவி ஒன்று வாங்கினார். அன்றைய பாடம் இன்னும் நீண்டது.

"ரெண்டு பேர் இருக்கிற வீட்ல தினம் இவ்வளவு குப்பையா?" என்றார், வாளியோடு கிளம்பியவளைப் பார்த்து.

"சேர்ந்துடுதுங்க" என்றாள்.

கம்மியாக இருந்தால்தானே கெடுதல் என்று, கதவோரம் எழுதியிருந்த அளவுக்கு மேலேயே காற்றை ஏற்றினார். வண்டி கல்லைக் கண்டாலும் குதித்தது, காகிதத்தைக் கண்டாலும் குதித்தது. மனைவியின் தலை கூரையில் இடித்தது. பின்சீட்டில் இருந்த லென்ஸ் பெட்டி கீழே விழுந்து, யார் யாருக்கோ வரவேண்டிய பார்வையெல்லாம் தூளாகியது.

காற்றை இறக்கிவிட்டு அடுத்ததாக எடையைப் பிடித்தார். "தேவையில்லாத பாரத்த எதுக்குச் சுமக்கணும்?" ஜாக்கியும் ஸ்டெப்னியும் பால்கனிக்குப் போயின. மூன்றாம் நாள், பாதி வழியில் டயர் பஞ்சர். ஸ்டெப்னி ஆட்டோவில் ராஜாவாட்டம் வந்து இறங்கியது.

மாசக் கடைசியில் பன்னிரண்டு.

மச்சினன் சிரிக்கக்கூட இல்லை. அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது. சாவியை மனைவி கையில் வைத்தார். அன்றோடு பேச்சையும் நிறுத்திவிட்டார். வாயைக் கொடுத்துத்தானே இந்தக் கதிக்கு ஆளானோம் என்று, பக்கத்து சீட்டில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். வீட்டிலும் சாப்பிட்டு எழுந்தால் உம்மென்று சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். பாடம் கிடையாது.

அடுத்து டேங்க்கை நிரப்பியபோது மனைவி, "பத்தொன்பது வருதுங்க" என்றாள்.

நம்பாமல் அவரே கணக்குப் போட்டார். பத்தொன்பதுதான். மச்சினனையே தாண்டியாகிவிட்டது. ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மனசில் வந்தது பொறாமையா பெருமையா என்று அவருக்கே பிடிபடவில்லை.

"உன் கால்லதான் ஏதோ வித்தை இருக்கு" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவளுடைய எந்தத் திறமையையும் அவர் ஒப்புக்கொண்டது கிடையாது.

"பெடலுக்கு வலிக்காம மிதிச்சேன். நீங்க சொன்னதுதான்" என்றாள் அவள், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

குடியிருப்பு வாசலில் முன்பெல்லாம் அவர் அவளை இறக்கிவிடுவார்; இப்போது அவர்தான் இறங்கினார். அவள் வண்டியை நிழலில் விடப் போனாள். கேட்டைத் திறந்துவிட்ட வாட்ச்மேன் தயங்கித் தயங்கி அவர் பக்கத்தில் வந்தார்.

"தப்பா நினைக்காதீங்க சார், வீட்ல ஏதும் மனஸ்தாபமா? முன்னெல்லாம் நீங்க மேல பேச ஆரம்பிச்சதும் அம்மா வாளியோட இறங்கி வந்து, நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணி ஏசி போட்டுட்டு உள்ளயே உக்காந்திருப்பாங்க. ஒரு மாசமா சாயங்காலத்துல வாளியோட ஆளையே காணோமே?"