ரோலிங் அண்ணனும் கச்சரா ஃபோல்டரும்

உலகத்திலேயே 'கட்' என்று ஒரு தடவைகூடச் சொல்லாமல் இருபத்தைந்து வருஷம் டைரக்டராகக் காலம் தள்ளிய ஒரே மனிதர் எங்கள் ரோலிங் அண்ணன்தான். நம்பிக்கை இல்லையென்றால் போர்ட் பிளேர் பக்கத்துச் சிப்பிகாட் பண்ணையில் நிற்கும் தென்னை மரங்களைக் கேளுங்கள். தென்னையைத் தாக்கும் வண்டைப் பற்றி ஒரு அரசுத் துறைக்காக அவர் எடுத்த டாக்குமெண்டரியில் வண்டு வரவே இல்லை. வரும், வரும் என்று கேமராவை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார். மழை வந்தது. மழை நின்றது. ஒரு மாடு வந்து மரத்தில் முதுகைச் சொறிந்துவிட்டுப் போனது. மறுபடியும் மழை. திரையிட்ட அன்று துறை அதிகாரி, "வண்டு எங்கேய்யா?" என்று கேட்டார்.

"பயந்து ஓடிருச்சு சார். அதானே உங்களுக்கு வேணும்?" என்றார் அண்ணன்.

கேமராவைத் தட்டிவிட்டு "ரோலிங்!" என்று கத்துவார். அதோடு சரி, நிறுத்தச் சொல்ல மறந்துவிடுவார். அதனால் வங்காளிகளுக்கு அவர் ரோலிங் தா, தெலுங்குக்காரர்களுக்கு ரோலிங் காரு, மலையாளிகளுக்கு ரோலிங் சேட்டன், எங்களுக்கு ரோலிங் அண்ணன். போர்ட் பிளேரில் இத்தனை பாஷைக்காரர்களும் ஒத்துக்கொண்ட ஒரே பெயர் அதுதான். அவருடைய கொள்ளுத்தாத்தாவை மதுரைப் பக்கத்திலிருந்து கைதியாகக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்களாம். நான்கு தலைமுறை தீவுத் தண்ணீர் குடித்ததில் அவருடைய தமிழில் பாதிக்குப் பாதி இந்தி. "க்யா யார், நம்ம தமிழ் இதுதான். மெயின்லாண்ட் தமிழ் உனக்கு வச்சுக்கோ" என்பார். அவருடைய 'யார்' கேள்வி இல்லை, இந்தியில் 'நண்பா'.

நான் ஒரு அரசு அலுவலகத்தில் ரெக்கார்டு ரூம் கிளார்க். அப்பா ராமநாதபுரத்திலிருந்து ஜெட்டி வேலைக்கு, அதாவது கப்பல்துறை வேலைக்கு, வந்தவர். கராச்சர்மாவில் வீடு. பழைய கோப்புகளைப் பிரித்து, வேண்டியதை வைத்து, வேண்டாததைக் கழிப்பதுதான் என் உத்தியோகம். ஒருநாள் அண்ணன் பழைய போட்டோ ஒன்றைக் கேட்டு வந்தார். எழுத்து மூலம் உத்தரவு இல்லாமல் தரமாட்டேன் என்றேன். மறுநாளும் வந்தார். மாட்டேன் என்றேன். மூன்றாம் நாள் போட்டோவை விட்டுவிட்டு என்னைக் கேட்டார். "பாபு, உன்னை மாதிரி ஒரு ஜித்தி ஆள்தான் என் ஃபெஸ்டிவலுக்கு வேணும்." ஜித்தி என்றால் பிடிவாதக்காரன். இந்த முப்பது வருஷ சர்வீஸில் என்னை யாராவது பாராட்டினார்கள் என்றால் அது அன்றைக்குத்தான். அன்றிலிருந்து நான் விழாக்குழு.

விழாக்குழு என்றால் நான் ஒருத்தன். ஃபெஸ்டிவல் டைரக்டர் அவர். அழைப்பிதழில் ஒருங்கிணைப்பு, வரவேற்புரை, நன்றியுரை எல்லாவற்றுக்கும் நேரே அவர் பெயர்தான் இருக்கும். வருஷத்துக்கு மூன்று நாள் கலைவிழா நடத்துவார். ஒரு வருஷம் மெயின்லாண்டிலிருந்து பறைக்குழு ஒன்றை வரவழைத்தார். கடல் சரியில்லை என்று கப்பல் கிளம்பவே நான்கு நாள் தாமதம். விழா முடிந்து, பந்தலைப் பிரித்து, நாற்காலியெல்லாம் திருப்பி அனுப்பிய பிறகு குழு வந்து ஹாடோ ஜெட்டியில் இறங்கியது. நான் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணே, விழா முடிஞ்சு போச்சே!"

"யார் சொன்னா? நான் க்ளோஸ் பண்ணலியே" என்றார்.

உண்மைதான், நன்றியுரையை அவர் பாதியில்தான் விட்டிருந்தார். ஜெட்டியிலேயே விழா தொடர்ந்தது. மூன்று நாள் கப்பலில் ஆடி வந்த பறைக்காரர்களுக்குத் தரை நிலைகொள்ளவில்லை, எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து ஆடினார்கள். லக்கேஜோடு நின்ற பயணிகள், என்னமோ புது அடவு போலிருக்கிறது என்று கைதட்டினார்கள். அண்ணனும் கேமராவைச் சாய்த்துப் பிடித்து எடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் வேலை செய்யும் விதத்தில் ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும், கதையே அதில்தான் இருக்கிறது. யாரைப் பேட்டி எடுத்தாலும் முதலில் சட்டையில் மைக்கை மாட்டுவார். குரல் சரியாக விழுகிறதா என்று பார்க்க ஒரே ஒரு கேள்வி கேட்பார். "காலையில என்ன சாப்பிட்டீங்க?" இந்தியில் கேட்டாலும் இதே கேள்விதான். "சுபா க்யா காயா?" கேமரா முன்னால் விறைத்துப்போய் உட்கார்ந்திருப்பவர்கள்கூட இந்த ஒரு கேள்விக்கு வாயெல்லாம் பல்லாகிப் பேசுவார்கள். ஒரு பெரிய அதிகாரியிடம் இதைக் கேட்டபோது அவர் திடுக்கிட்டுத் தன் பி.ஏ.வைப் பார்த்தார். பி.ஏ. டைரியைப் புரட்டிவிட்டு, "இட்லி, சார்" என்றார். "இட்லி" என்று அதிகாரி கேமராவைப் பார்த்து அறிவித்தார்.

சில வீடுகளில், மனுஷன் பசியில்தான் கேட்கிறாரோ என்று உடனே தட்டை எடுப்பார்கள். "நஹி நஹி, நான் சாப்பிட்டுத்தான் வந்தேன்" என்று கும்பிடுவார். ஒருநாளும் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்ததில்லை.

வண்டு, மழைநீர், ஜெட்டிப் பாதுகாப்பு, கொசு என்று துறைகளுக்காக எடுத்து எடுத்து அவருக்கு அலுத்துவிட்டது. "பாபு, எல்லாம் அவங்க படம் யார். என் படம்னு ஒண்ணு வேணும். ஒண்ணே ஒண்ணு, பஸ், போதும்!" என்பார். கடைசியாக ஒரு வருஷம் அழைப்பிதழில் போட்டே விட்டார், விழாவின் நிறைவு நாளில் ஃபெஸ்டிவல் டைரக்டரின் சொந்தப் படம் என்று. என்ன படம் என்று கேட்டேன்.

"சொல்ல மாட்டேன். ஐடியாவை யாராவது தூக்கிடுவான்."

"எப்ப எடுத்தீங்க?"

"எடுத்தாச்சு. இருபத்தஞ்சு வருஷமா எடுத்துட்டுத்தான் இருக்கேன். கோத்து எடுக்கிற வேலைதான் பாக்கி."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது மாயாபந்தருக்கு இரண்டு நாள் போகவேண்டி வந்தது அவருக்கு. மரைன் ஹில் வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்தார். "பாபு, நாலு டிஸ்க்கும் ஃபுல். வேணாததைத் தூக்கிட்டுக் கொஞ்சம் ஜாகா பண்ணி வை."

வேண்டாததைக் கழிப்பதா? என்னிடமா? சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலையிலேயே போய் உட்கார்ந்துவிட்டேன். ஒற்றை அறை, ஒட்டினாற்போல ஒரு சமையல் இடம். அங்கே அடுப்பைக் காணோம். அடுப்பு இருக்கவேண்டிய மேடையில்தான் நான்கு டிஸ்க்கும் வரிசையாக இருந்தன. சௌகரியமான உயரம் என்று நினைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன்.

மூன்றாவது டிஸ்க்கில் இருந்தது ஒரு ஃபோல்டர். பெயர், 'கச்சரா'. கச்சரா என்றால் குப்பை, இது போர்ட் பிளேரில் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். உள்ளே ஆயிரக்கணக்கில் துண்டு துண்டாக வெட்டிய படங்கள், ஒவ்வொன்றும் அரை நிமிஷம், முக்கால் நிமிஷம். ஆனாலும் நான் பொறுப்பானவன் ஆயிற்றே, திறந்து பார்த்தேன். முதலில் மீன் விற்கும் ஒரு வங்காளி அம்மாள், பாந்தா பாத் சாப்பிட்டேன் என்றார். நம் பழைய சோறுதான். இரண்டாவதில் ஒரு தெலுங்கு மீனவர், இன்னும் சாப்பிடவில்லை, வலை இழுத்த பிறகுதான் என்றார். மூன்றாவதில் ஒரு மலையாள டீச்சர் புட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். சரிதான், சவுண்ட் டெஸ்ட் கழிவு என்று முடிவு கட்டினேன். நான்காவதைத் திறக்கவில்லை. மொத்தமாக அழித்தேன். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன், நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. கிடைத்த இடத்தில் பழைய விழாப் படங்களையெல்லாம் வருஷவாரியாக அடுக்கி, லேபிள் ஒட்டிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கள்கிழமை அண்ணன் வந்து டிஸ்க்கைத் திறந்தார்.

"பாபு. கச்சரா எங்கே?"

"தூக்கியாச்சுண்ணே! எவ்வளவு இடம் பாருங்க!"

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். அப்போதுதான் சொன்னார். இருபத்தைந்து வருஷமாகத் தீவில் அவர் மைக் மாட்டிய ஒவ்வொருவரும் காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்பதுதான் படம். வேறு எதுவும் கிடையாது. ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. "ஊர் முழுக்க அதுல இருக்கு யார்" என்றார். குப்பைத்தொட்டியில் திருடன் கை வைக்கமாட்டான் என்றுதான் அந்தப் பெயராம். திருடன் வைக்கவில்லை, ரெக்கார்டு கிளார்க் வைத்துவிட்டான்.

பழைய டேப்புகள்? இந்த ஊர் ஈரத்தில் பூசணம் பூத்து, எப்போதோ தூக்கிப் போட்டாயிற்று. கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் ஓடினேன். அழித்தது மட்டும் என்றால் மீட்டிருக்கலாம், அதன்மேலேயே வேறு படங்களை அடுக்கிவிட்டீர்களே என்று கையை விரித்தார். லேபிள் ஒட்டியதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு மன்னிப்பு கேட்டிருக்கவேண்டும். பாவி நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கச்சரான்னு நீங்கதானே எழுதி வச்சீங்க? எழுதியிருக்கிறபடிதானே நான் செய்ய முடியும்?" இன்றைக்கும் பல் தேய்க்கும்போது இந்த வார்த்தை ஞாபகம் வந்தால் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அவர் கோபப்படவில்லை. கேட்டார். "எதையாவது பார்த்தியா?"

"மூணு பார்த்தேன். கடைசியா ஒரு டீச்சர். புட்டு."

"கடலைக்கறி தீர்ந்துபோச்சு, வெறும் புட்டை முழுங்கினேன்னு மூஞ்சியைச் சுளிப்பாங்களே, அவங்களா?" என்று கேட்டவர், அந்த டீச்சர் மாதிரியே மூஞ்சியைச் சுளித்தார்.

நிறைவு நாள் சாயங்காலம். விழாவை ரத்து செய்துவிடுவார் என்று நினைத்தேன். செய்யவில்லை. திரை கட்டியிருந்தது. புரொஜெக்டர் வெறும் வெள்ளை வெளிச்சத்தை அடித்தது. அண்ணன் போய் அந்த வெளிச்சத்தில் நின்று, "படம் இல்லை. நான் இருக்கேன்" என்றார். நின்றபடியே ஆரம்பித்தார்.

மீன்கார அம்மாளாக உட்கார்ந்தார். வலைக்காரராக எழுந்தார். பி.ஏ.வைத் திரும்பிப் பார்த்து "இட்லி" என்றார், கூட்டம் கொல்லென்று சிரித்தது. ராஞ்சியிலிருந்து ரோடு போட வந்தவர், நிக்கோபாரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர், ஜெட்டியில் டீ ஆற்றுகிறவர், எல்லோரும் அந்த ஒற்றை உடம்பில் வந்து வந்து போனார்கள். கூட்டத்தில் ஒரு பெண், "அது என் அம்மா! என் அம்மா!" என்று வங்காள மொழியில் கத்தினாள். செத்துப்போன தம்பியின் குரலைக் கேட்டு ஒருத்தர் எழுந்து நின்றுவிட்டார்.

பிறகு அண்ணன் துண்டைத் தோளில் போட்டு, லேசாக இடது காலை இழுத்து நடந்து வந்து உட்கார்ந்தார். அது என் அப்பா. ஜெட்டிப் பாதுகாப்புப் படத்துக்காக அவரைப் பேட்டி எடுத்தது எனக்குத் தெரியும், அதில் என்ன சொன்னார் என்று தெரியாது. அப்பா போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது.

"பழைய சோறும் ரெண்டு துண்டு கருவாடும்ப்பா. பிரஷருக்கு உப்பே ஆகாதுன்னு டாக்டர் சொல்லிப்புட்டாரு. என் மவன் கேட்டான்னா ஓட்ஸுன்னு சொல்லிரு, அவன் எல்லாத்துக்கும் ஃபைலு போடுவான். மருமவப் புள்ள நல்லவ. அவதான் வறுத்துக் குடுத்தா."

நான் திரும்பி என் மனைவியைப் பார்த்தேன். அவள் ரொம்பக் கவனமாகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. எனக்கும்தான். நான் திறக்காமல் விட்ட நான்காவது துண்டு அதுவாகவே இருந்திருக்கலாம்.

ஒன்றரை மணி நேரம். எல்லாம் முடிந்து ஜனங்கள் அவரைத் தூக்காத குறையாகச் சுற்றிக்கொண்டபோதுதான் கவனித்தேன், நான் நின்றிருந்தது கேமராவுக்குப் பின்னால். அதை ஓடவிடவே இல்லை. அவர் அன்றைக்கு "ரோலிங்" என்று சொல்லவில்லை. உத்தரவு வராமல் நான் எதையும் தொடுகிறவன் இல்லையே. தொடக்கூடாததைத் தொட்டேன், தொடவேண்டியதைத் தொடவில்லை.

அடுத்த மாதமே அவருக்கு நெஞ்சில் கோளாறு என்று சென்னைக்குக் கப்பலேற்றினோம். ஜெட்டியில் என் மனைவி இட்லிப் பொட்டலம் கொடுத்தாள். "நான் சாப்பிட்டுத்தான் வந்தேன்மா" என்று சொல்லிக்கொண்டே வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். என் முகத்தைப் பார்த்து, "டென்ஷன் மத் லே பாபு, கவலைப்படாதே. திரும்பி வந்து முதல்லேர்ந்து எடுப்போம். ஜனங்க தினமும் சாப்பிடத்தானே செய்யறாங்க?" என்றார். மன்னிப்பு கேட்கத்தான் வாயைத் திறந்தேன். ஆபீஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவர் திரும்பவில்லை. அவர் வீட்டிலிருந்த சாமான்களைப் பிரித்து வைக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள், அதில் நான் கெட்டிக்காரன் அல்லவா. சட்டைகள், டிரைபாட், வயர்கள். ஒரு பாத்திரம் இல்லை. ஒரு தட்டு இல்லை. அந்த அடுப்பில்லாத மேடைக்கு முன்னால் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது, சாப்பிட்டுத்தான் வந்தேன் என்று ஊரெல்லாம் சொன்னவர் வீட்டில் சமையலே நடந்ததில்லை. அங்கே இரண்டு நாள் உட்கார்ந்து குப்பை பொறுக்கியிருக்கிறேன், கண்ணால் பார்த்தும் இது மண்டையில் ஏறவில்லை.

இருபத்தைந்து வருஷம் ஊர் முழுக்க ஒவ்வொருத்தரையும் அந்த ஒரு கேள்வி கேட்டவர். திருப்பி அவரிடம் அதைக் கேட்க எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லையே. இப்போது அந்தக் கேமரா என் வீட்டில்தான் இருக்கிறது. சில காலை நேரம் அதைத் தட்டிவிட்டு, எதிரே ஒரு காலி நாற்காலியைப் போட்டுக்கொண்டு நான் கேட்கிறேன்.

அண்ணே, நீங்க காலையில என்ன சாப்பிட்டீங்க?