மீசை அண்ணனும் கொரிய இளவரசரும்

ஒரு காதல் கதையைச் சொல்லும்போதே கண் கலங்கி அழுதுவிடுகிற ஒருவரை நம்பி, எல்.கே.ஜி. படிக்கும் குழந்தையைப் பள்ளிக்கூட ஆட்டோவில் அனுப்பலாமா, கூடாதா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை விடை தெரியவில்லை. குழந்தை வளர்ப்பைப் பற்றி நான் வாங்கிப் படித்த புத்தகங்களில், பிள்ளை பட்டாணியை மூக்கில் போட்டுக்கொண்டால் என்ன செய்வது என்றுகூட இருக்கிறது. இது இல்லை.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். கொரிய அரச குடும்பத்தின் நலனில் எங்கள் மீசை அண்ணன் அளவுக்கு அக்கறை கொண்ட மனிதர் மதுரை ஜில்லாவிலேயே கிடையாது. கொரியாவில்கூட இருப்பாரா என்பதே சந்தேகம்.

நாங்கள் திருநகரில் இருக்கிறோம். என் மகள் யாழினியையும் தெருவிலுள்ள மற்ற பிள்ளைகளையும் பள்ளிக்கு ஏற்றிச் செல்பவர்தான் மீசை அண்ணன். சொந்த ஊர் மேலூர்ப் பக்கம். உண்மையான பெயர் யாருக்கும் தெரியாது, கேட்கவும் தோன்றியதில்லை. கன்னத்தைத் தாண்டிக் காதுவரை போய் எட்டிப் பார்க்கிற மீசை அது. முதல் நாள் அவரைப் பார்த்ததும் யாழினிக்குப் பதிலாக நான் அழுதேன்.

அனுப்பிய பிறகும் மனம் அடங்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் பள்ளி விடும் நேரத்துக்கு முன்பே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய், தூரத்தில் நின்று நோட்டம் பார்த்தேன். மரத்தடியில் ஆட்டோ நின்றது. உள்ளே மீசை அண்ணன் கைபேசியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். ஓடினேன்.

"என்னண்ணே, யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல யாழினியம்மா. பானை ஒடஞ்சு போச்சு."

"எந்தப் பானை?"

"அந்தப் புள்ளையோட பானை. இளவரசருதேன் ஒடச்சாரு. வேணும்னு ஒடைக்கல. அவ தப்பா நெனச்சுக்கிட்டா. இனிமே மூஞ்சி குடுத்துப் பேசுவாளா?"

கைபேசியைத் திருப்பிக் காட்டினார். கறுப்புத் தொப்பியும் பட்டு அங்கியும் அணிந்த ஓர் அழகான வாலிபர், உடைந்த பானையின் நடுவே, மூக்கில் ஏதோ அப்பிக்கொண்டு நின்றார். தமிழில் குரல் கொடுக்கப்பட்ட கொரிய சரித்திரத் தொடர். இளவரசர் சதிகாரர்களிடமிருந்து தப்பி, பானைகளில் சோயா விழுது புளிக்கவைத்து விற்கிற ஒரு பெண்ணிடம் வேலையாளாகச் சேர்கிறார். அரண்மனையில் செருப்பைக்கூடத் தானாக மாட்டாதவர், இங்கே பானை சுமக்கிறார், போட்டு உடைக்கிறார், திட்டு வாங்குகிறார். அவர் யார் என்று அவளுக்குத் தெரியாது. நமக்கும் மீசை அண்ணனுக்கும் மட்டும்தான் தெரியும். அந்த ரகசியத்தைத் தாங்க முடியாமல்தான் மனிதர் அழுகிறார்.

பிள்ளைகள் காதில் விழக்கூடியதா, பார்க்கத் தகுந்ததா என்று சோதிப்பது தாயின் கடமை அல்லவா? அந்தக் கடமை உணர்ச்சியோடு மறுநாள் முதல் பகுதியைப் பார்த்தேன். முதல் பகுதியை வைத்து முடிவுக்கு வருவது சரியல்ல என்பதால் இரண்டாவதையும் பார்த்தேன். அதற்கு மேல் கடமையைப் பற்றி எனக்கு ஞாபகம் இல்லை. குக்கர் விசில் வந்ததும் தெரியவில்லை. "இளவரசே, தங்கள் மூக்கில் விழுது ஒட்டியிருக்கிறது" என்று அந்தப் பெண் தன் முந்தானை போன்ற ஏதோ ஒன்றால் துடைத்துவிடும் கட்டத்தில், சமையலறையில் தனியாக நின்று நான் கை தட்டினேன். அப்படியானால் அவர் இளவரசர் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது! எப்போது தெரிந்தது? எப்படி? யாரிடமாவது உடனே பேசியாக வேண்டும்போல் இருந்தது. அப்படிப் பேச எனக்கு இந்த உலகில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் காலையில் எட்டு மணிக்கு ஹாரன் அடிப்பார்.

அதிலிருந்து காலை நேரங்களே மாறிவிட்டன. நான் புத்தகப்பையை மாட்டிவிடுவேன், அவர் மீசையை நீவிக்கொண்டு தொடங்குவார்.

"பாத்தீகளா?"

"பாத்தேண்ணே! அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு!"

"நாந்தேன் சொன்னேன்ல? கைய பாத்தே கண்டுபிடிச்சிட்டா. பானை தூக்குன கையா அது? ஆனா அந்தத் தாடிக்கார மந்திரி இருக்கான் பாருங்க, அவன் மட்டும் மேலூர் பஸ் ஸ்டாண்டுல என் கண்ணுல படட்டும்…"

"ரெண்டு பேரும் அம்புட்டு நேரம் என்ன பேசுறீங்க?" என்று என் கணவர் வாசலிலிருந்து கேட்பார். வங்கியில் வேலை பார்ப்பவர், எதிலும் கணக்கு. "ரோட்டுல பள்ளம் தோண்டியிருக்காங்களாம்" என்பேன். ஒரு மாதமாக அதே பள்ளம்.

தொடரில் ஒரு மழைக் காட்சி வந்தது. இளவரசர் குடையை அந்தப் பெண்ணின் பக்கமே சாய்த்துப் பிடித்து, தான் முழுக்க நனைவார். அடுத்த மழைக்கு மீசை அண்ணன் கல்யாண மண்டப வாசலில் பிடிக்கிற மாதிரி ஒரு பிரம்மாண்டக் குடையோடு வந்தார். ஒவ்வொரு பிள்ளையாக இறக்கி, குடையைச் சாய்த்துப் பிடித்து, அரண்மனை நடையில் மெதுவாக, மிக மெதுவாகப் பள்ளி வாசல்வரை கூட்டிச் சென்றார். கடைசிப் பிள்ளை உள்ளே போனபோது முதல் பாடவேளை முடிந்திருந்தது. "மழை அப்பவே நின்னுபோச்சாமே அண்ணே" என்று மத்தியானம் நான் கேட்டதற்கு, "அதுக்காக மரியாதைய பாதியில நிறுத்த முடியுமா?" என்று திருப்பிக் கேட்டார்.

பிறகு பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. "உங்க பொண்ணு தினமும் என்னைப் பார்த்ததும் நெத்தியில ரெண்டு கையையும் வச்சு, மண்டி போட்டு, தரையில தலை முட்டக் கும்பிடுறா. இப்ப கிளாஸ் முழுக்க அப்படிச் செய்யுது. அட்டெண்டன்ஸ் எடுக்கவே முடியல" என்றார் ஆசிரியை. மீசை அண்ணனிடம் கேட்டேன். "டீச்சரம்மான்னா மகாராணிக்குச் சமம்னு சொல்லிக் குடுத்தேன். தப்பா?" என்றார். தப்பா என்று நானும் இரண்டு நாள் யோசித்தேன்.

அவருக்கும் ஒரு மனக்கவலை இருந்தது. "யாழினியம்மா, ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லுங்க. அந்த இளவரசருக்கு ஒத்த முடி மீசை கெடையாது. ஆனா வாள எடுத்தா பத்துப் பேரச் சாய்க்கிறாரு. அப்ப நான் இம்புட்டு வருசமா இத எதுக்குச் சொமந்துக்கிட்டு திரியிறேன்?" நான் பதறிப்போய், எடுத்துவிடாதீர்கள், பிள்ளைகள் அடையாளம் தெரியாமல் அழுவார்கள் என்று கெஞ்சினேன்.

இப்படிச் சிரிப்பும் கும்மாளமுமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் யாழினிக்குக் காதுகுத்து முடிவானது. கணவரின் ஊரான கொட்டாம்பட்டிப் பக்கம், குலதெய்வக் கோயிலில். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்த சித்தி மகனுக்குத் துபாயில் விடுப்புக் கிடைக்கவில்லை. "மடி இல்லாம காது குத்துறதா? ஊரு சனம் பூராம் வருமே, என்னத்தன்னு பதில் சொல்லுறது?" என்று மாமியார் போனில் கேட்டார். திட்டவில்லை, கேட்டார். அதுதான் அதிகம் வலித்தது. கூடப்பிறந்தவர் இல்லாதது என் குற்றமா என்று எனக்கே குழம்பிவிட்டது.

மறுநாள் காலை மீசை அண்ணன் வழக்கம்போல் "பாத்தீகளா?" என்றார். பார்க்கவில்லை என்றேன். அவர் ஆட்டோவை அணைத்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஃபிளெக்ஸ் யாரு அடிக்கிறா?"

மதுரைப் பக்கத்தில் ஃபிளெக்ஸ் இல்லாமல் விசேஷம் இல்லை. நடுவில் குழந்தை, சுற்றிலும் வட்டம் வட்டமாகச் சொந்தக்காரர்களின் முகங்கள். ஃபிளெக்ஸ் அடிக்கும் கடைப் பையன் தன் கூட்டாளிதான், தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். எல்லாருடைய படங்களையும் அனுப்பினேன். பெயர்களின் எழுத்துப்பிழைகளைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். "தாய்மாமன் வட்டத்துல ஒரு பூப் படம் போடச் சொல்லுங்கண்ணே" என்றேன். "நான் பாத்துக்கிருவேன். நீங்க கவலய விடுங்க" என்றார். நான் கவலையை விட்டதாகச் சரித்திரம் இல்லை. ஆனாலும் ஃபிளெக்ஸ் நேராக ஊருக்குப் போய்விட்டதால் பார்க்க முடியவில்லை.

விசேஷத்தன்று காரில் போனோம். நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் திரும்பும் இடத்தில், வயலுக்கு முன்னால், ஆள் உயரத்துக்கு இரு மடங்காக ஃபிளெக்ஸ் நின்றது. என் கணவர் பிரேக் போட்டார்.

நடுவில் யாழினி. பக்கத்தில், எல்லாரையும்விடப் பெரிய வட்டத்தில், கறுப்புத் தொப்பியும் பட்டு அங்கியுமாகக் கொரிய இளவரசர் புன்னகைத்துக்கொண்டிருந்தார். கீழே கொட்டை எழுத்தில்: "மருமகளை வாழ்த்தும் தாய்மாமன் மீசை."

அந்த முகத்தில் மீசைக்கான அறிகுறிகூட இல்லை.

கோயிலுக்குப் போவதற்குள் ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. "தாய்மாமன் இல்லேன்னாக, இம்புட்டு அம்சமா இருக்காரு?" "சிங்கப்பூரா மாப்ள?" "ஆளு நல்ல செவப்பு. வயசு கம்மிதேன். பொண்ணு பாக்குறாகளாமா?" மாமியார் என்னை ஓரமாக இழுத்தார். "ஏத்தா, இவரு எப்ப வாராரு? பிளேனுல வந்து எறங்கிட்டாரா?"

அப்போது ஹாரன் கேட்டது. எங்கள் பள்ளிக்கூட ஆட்டோ, மாலை போட்டுக்கொண்டு, திருநகரிலிருந்து கொட்டாம்பட்டிவரை உருண்டு வந்து நின்றது. பட்டு வேட்டியில் மீசை அண்ணன் இறங்கினார். பின்னாலேயே அவர் மனைவி. இருவர் கையிலும் சீர்த்தட்டு. பழம், பாவாடை சட்டை, வளையல். மேலே அரண்மனைத் தொடரில் மூடுவதுபோலவே சிவப்புத் துணி மூடி, மெதுவாக நடந்து வந்தார்கள். வந்த அவசரத்தில் ஊர்த் திருப்பத்து ஃபிளெக்ஸைக் கவனிக்காத மீசை அண்ணன், கோயில் வாசலில் கட்டியிருந்த அதே மாதிரி இன்னொன்றை அப்போதுதான் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"அடப் பாவி! அந்தக் கடைப் பய போட்டோ அனுப்புண்ணேன்னு கேட்டான். என் வாட்சப்பு டிபியில இருக்குறதையே எடுத்துப் போடுடான்னு சொன்னேன். போன வாரந்தேன் அதுல இளவரசர வச்சேன், மறந்தே போனேன்!"

"கூடவே இருக்கேன், எம்படத்தையா வச்ச? அவரத்தான வச்ச? அனுபவி" என்றார் அவர் மனைவி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெரிய வட்டத்தில் அவர் தன்னைத்தான் வைக்க நினைத்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என்னிடம் கேட்டால் நான் யோசித்து யோசித்து வேண்டாம் என்றுவிடுவேன் என்று தெரிந்தே, கேட்காமல் செய்திருக்கிறார்.

கணவரின் பெரியப்பா நாற்காலியிலிருந்து குரல் கொடுத்தார். "இவரு யாருப்பா? ஆட்டோ ஓட்டுறவரா? எந்த ஊரு, என்ன வகையறா? வந்தவுக போனவுகள எல்லாம் மாமன் மடியில உக்கார வைக்க முடியுமா?"

மீசை அண்ணன் தட்டை இறுக்கிப் பிடித்தார். "தப்புத்தேங்கய்யா. ஏதோ ஆசையில… தட்ட மட்டும் சாமி முன்னால வச்சிட்டு நாங்க கெளம்புறோம்" என்று திரும்பினார்.

ஒரு பால் பாட்டில் வாங்குவதற்கு நாலு பேரிடம் கேட்கிறவள் நான். அன்றைக்கு யாரிடமும் கேட்கவில்லை.

"இவரு எங்கண்ணே, பெரியப்பா" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "எங்கண்ணே கொண்டாந்த சீரு அது. திரும்பிப் போகக் கூடாது."

பெரியப்பா என் கணவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்த மனிதர் ஒரு நாளும் மீசை அண்ணனிடம் 'பிள்ளைய பாத்துக் கூட்டிட்டுப் போங்க' என்பதற்கு மேல் பேசியதில்லை. எழுந்து போனார். தட்டை இரண்டு கையாலும் வாங்கினார்.

"வாங்க மச்சான். நேரமாகுது, வந்து உக்காருங்க."

ஊரில் அதற்கு மேல் யாரும் வகையறா கேட்கவில்லை. மச்சான் என்று குழந்தையின் அப்பாவே அழைத்த பிறகு கேட்க என்ன இருக்கிறது? மாமியார் மட்டும், "அப்ப அந்தத் தொப்பிக்காரரு வரமாட்டாரா?" என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு கேட்டார்.

யாழினி ஓடிவந்தாள். நெற்றியில் இரண்டு கையையும் வைத்து, மண்டி போட்டு, அரண்மனை வணக்கம் வைத்துவிட்டு, அவர் மடியில் ஏறி உட்கார்ந்தாள். ஆசாரி ஊசியை எடுத்ததும் ஓவென்று ஓர் அழுகை கிளம்பியது. பார்த்தால், மீசை அண்ணன். யாழினி திரும்பி அவர் மீசையைத் தடவி, "இளவரசே, அழாதீர்கள்" என்றாள். அந்த நேரம் பார்த்து ஆசாரி ஒரு காதை முடித்துவிட்டார்.

ஃபிளெக்ஸ் இன்னும் ஊர்த் திருப்பத்தில்தான் நிற்கிறது. மாமியார் கைபேசியில் தொடரைப் போட்டுக்கொடுக்கச் சொல்லி, இப்போது எங்களை எட்டிப் பிடித்துவிட்டார். எல்லாருக்கும் கடைசிப் பகுதி மட்டும் பாக்கி. "அத யாரும் தனியா பாக்கப்படாது. ஞாயித்துக்கெழம எல்லாரும் நம்ம வீட்டுக்கு வந்துருங்க தங்கச்சி, உங்க மதினி கறிக்கொழம்பு வைக்கிறா" என்று மீசை அண்ணன் சொல்லிவிட்டார்.

அண்ணன்மார் உள்ள வாசகிகளே, உங்களைத்தான் கேட்கிறேன். ஒரு தங்கை முதல் தடவையாக அண்ணன் வீட்டுக்குப் போகும்போது கையில் என்ன கொண்டுபோக வேண்டும்? எனக்குப் பழக்கமில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது சொல்லுங்களேன்.